போர்க்காலக் கப்பல் தளங்களும் கல்நார்த் தூசியும்: 1946ஆம் ஆண்டு ஆய்வு குறித்த மறுவாசிப்பு

இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கக் கப்பல் கட்டுமானம் வரலாற்று நூல்களில் பெரும்பாலும் வேகத்தின் கதையாகவே இடம்பெறுகிறது. 1941 முதல் 1945 வரை 18 தளங்களில் 2,710 'லிபர்ட்டி' கப்பல்கள் கட்டப்பெற்றன. கலிபோர்னியாவின் ரிச்மண்டில் ஹென்றி கைசருக்குரிய தளமொன்றில், 1942 நவம்பரில், 'ராபர்ட் ஈ. பியரி' என்னும் கப்பல் பணி தொடங்கிய ஐந்து நாள்களுக்குள் நீரில் இறக்கப்பெற்றது. இவ்வெண்கள் யாவும் கப்பல்களைப் பற்றியன. அவற்றைக் கட்டியோரின் உடல்நிலை பற்றிய எண்களும் அக்காலத்திலேயே திரட்டப்பட்டன. அவை எவ்வாறு பொருள்கொள்ளப்பட்டன என்பதையே இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

நீராவியால் இயங்கும் கப்பலில் கொதிகலன், விசைச்சுழலி, அவற்றை இணைக்கும் குழாய்கள் அனைத்திற்கும் வெப்பக்காப்பு வேண்டும். அஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நார் எரியாதது. துணியாக நெய்யவும் கட்டிகளாக வார்க்கவும் இயல்வது. குழாய் உறையிடுவோர் அக்கட்டிகளை வாளால் அறுத்தனர். கல்நார்த் துணியை வெட்டித் தைத்தனர். பூச்சுக்கான பொடியைக் கையால் குழைத்தனர். காற்றோட்டம் குன்றிய கப்பல் அறைகளில் எழுந்த தூசி அவர்களோடு நிற்கவில்லை. அருகே பணியாற்றிய பற்றவைப்பாளரும் மின்பணியாளரும் வண்ணம் பூசுவோரும் அதே காற்றையே சுவாசித்தனர்.

இத்தூசியின் தீங்கு அன்று அறியப்படாததன்று. பிரிட்டனில் மெரிவெதர், பிரைஸ் ஆகிய இருவரும் 1930இல் அளித்த அறிக்கையில், பரிசோதிக்கப்பட்ட 363 கல்நார்த் தொழிலாளருள் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு நுரையீரல் இறுக்கம் காணப்பட்டதாகப் பதிவுசெய்தனர். இருபதாண்டுகளுக்கு மேல் பணியாற்றியோரிடையே இவ்விகிதம் ஐந்தில் நான்காக உயர்ந்தது. அமெரிக்கக் கடற்படையும் கடல்வாணிப ஆணையமும் 1943இல் கப்பல் தளங்களுக்கென வெளியிட்ட குறைந்தபட்சப் பாதுகாப்பு விதிகளிலும் கல்நார்த் தூசிக்கு இடமளிக்கப்பட்டிருந்தது.

இப்பின்னணியிலேயே 1946இல் பிளெய்ஷர், டிரிங்கர் முதலானோரின் ஆய்வு வெளிவந்தது. பிலிப் டிரிங்கர் ஹார்வர்ட் பேராசிரியர். 'இரும்பு நுரையீரல்' என்னும் சுவாசக் கருவியை உருவாக்கியவர்களுள் ஒருவர். ஆகவே, மூச்சைப் பற்றி அறியாதவர் எழுதியது என இதனை ஒதுக்கிவிட இயலாது. கடற்படைக் கப்பல்களில் குழாய் உறையிட்ட 1,074 பேரைக் கதிர்ப்படம் எடுத்து ஆராய்ந்ததில் மூவருக்கு மட்டுமே கல்நார் நோய் காணப்பட்டது. எனவே இத்தொழில் ஆபத்தானதன்று என்பது ஆய்வாளர் முடிவு.

ஆயின் அவ்வறிக்கையிலேயே வேறிரு செய்திகள் உள்ளன. பரிசோதிக்கப்பட்டோரில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் பத்தாண்டுகளுக்கும் குறைவாகவே இத்தொழிலில் இருந்தவர்கள். நோய் காணப்பட்ட மூவருமோ இருபதாண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர்கள். இவ்விரண்டையும் 1930ஆம் ஆண்டு அறிக்கையோடு இணைத்து நோக்கின், ஆய்வு நோயின்மையைக் காட்டவில்லை, நோய் வெளிப்படும் காலம் வரவில்லை என்பதையே காட்டியது என்பது தெளிவாகும். எண்கள் பிழையானவை அல்ல. அவற்றினின்று பெறப்பட்ட முடிவே பிழையானது என்பது நம் கருத்து. அம்முடிவு பின்னர் ஏறத்தாழ இருபதாண்டுக் காலம் சான்றாக எடுத்தாளப்பட்டது என்பதே வருந்தத்தக்கது.

காலம் வந்தபின் வெளிப்பட்டது வேறு. 1964இல் இர்விங் செலிகாஃபும் உடன் ஆய்வாளரும் நியூயார்க், நியூஜெர்சி வெப்பக்காப்புத் தொழிலாளர் 632 பேரின் பதிவுகளை ஆராய்ந்தனர். நுரையீரல், நுரையீரல் உறைப் புற்றுநோயால் ஏறத்தாழ ஏழு இறப்புகள் எதிர்பார்க்கத்தக்க இடத்தில் 45 நிகழ்ந்திருந்தன. இவர்கள் 1943க்கு முன்பே தொழிலில் சேர்ந்தவர்கள் என்பது நோக்கத்தக்கது. 1973இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றமொன்று, எச்சரிக்கை தராத உற்பத்தியாளரே பொறுப்பு எனத் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்த தொழிலாளி அதற்குள் இறந்திருந்தார்.

நம் வட்டாரத்திற்கும் இவ்வரலாற்றோடு தொடர்புண்டு. 1938இல் திறக்கப்பெற்ற சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்தில் தமிழரும் மலையாளிகளும் பெருந்தொகையினராகப் பணியாற்றினர். கல்நார் உறையிட்ட பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் அங்குப் பழுதுபார்க்கப்பட்டன. பழைய உறையைப் பெயர்த்தெடுப்பது புதிதாக இடுவதினும் மிகுந்த தூசியை எழுப்பும். 1968இல் அத்தளம் செம்பவாங் கப்பல் தளமாயிற்று. அங்கு உழைத்தோரின் வாய்மொழி வரலாற்றைத் திரட்டும் மாணவர், ஊதியம், குடியிருப்பு, தொழிற்சங்கம் பற்றிய வினாக்களோடு, எந்த அறையில் எந்தப் பணி, எத்தனை ஆண்டு என்பதையும் கேட்டுப் பதிவுசெய்தல் வேண்டும்.