கொண்டுவிக்கப் போனவர்களின் கணக்கு

பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன நகரத்தார் எனும் செட்டியார்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே, வாய்ச்சொல்லை நம்பி லட்சக்கணக்கில் கொடுக்கல் வாங்கல் நடந்ததாகப் பெருமையோடு சொல்வார்கள். இது பாதி உண்மைதான். 1930 வாக்கில் பர்மாவில் அவர்கள் போட்டிருந்த முதல் சுமார் 75 கோடி ரூபாய் என்று அந்நாட்டு வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. அதில் பெரும்பகுதியைப் புழங்கியவர்கள், செட்டிநாட்டில் இருந்த முதலாளியின் கண்ணுக்கு எட்டாத ஊர்களில் சம்பளத்துக்கு அமர்ந்த மேலாட்கள். அவ்வளவு பணத்தை வாய்ச்சொல் மட்டும் காப்பாற்றியிருக்காது. நம்பிக்கைக்குக் காவலாகத் தலைமுறை தலைமுறையாக அவர்கள் கட்டி வைத்த எச்சரிக்கையே அதைக் காத்தது.

மேலாளின் தவணை பொதுவாக மூன்று ஆண்டு. புறப்படுமுன் சம்பளச் சீட்டு எழுதுவார்கள். சம்பளத்தில் ஒரு பகுதியை முன்பணமாகக் கொடுத்துவிடுவார்கள். மனைவி மக்கள் பெரும்பாலும் ஊரிலேயே இருப்பார்கள். கடையின் விலாசத்தில், அதாவது தொழிற்பெயரில், கையெழுத்திட்டுக் கடன் வாங்கவும் கொடுக்கவும் மேலாளுக்கு அதிகாரப் பத்திரம் உண்டு. கடிதம் கப்பலில் போய் வந்த காலத்தில், யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்பதில் அவர் எடுத்ததே முடிவு. ஒரு மனிதரை இதற்குமேல் நம்ப முடியாது. அதே மனிதர் பேரேடு எழுதி, ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) எடுத்து, கணக்கை முறையாக ஊருக்கு அனுப்பியாக வேண்டும். தவணை முடிந்தால் அடுத்து வருபவரிடம் நிலுவைகளை ஒப்படைக்க வேண்டும். கண்காணிப்பு ஏட்டோடு நிற்கவில்லை. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் கடைகள் இருந்த கிட்டங்கிகளில் ஒரே நீளக் கூடத்தில் பல கடைகள் நடந்தன. ஆளுக்கொரு தாழ்ந்த மேசைப்பெட்டி, பக்கத்தில் ஓர் அலமாரி, உட்காரத் தரை. எவர் எவரிடம் கடன் கேட்டு வந்தார் என்பது நாலு பேர் கண்ணில் படாமல் போகாது.

சாதியும் உறவும் கோயிலும் இருக்கையில் ஏடு எதற்கு என்று கேட்கலாம். ஒன்பது கோயில் பிரிவுகளுக்குள் பங்காளியும் சம்பந்தியுமாகப் பின்னிக் கிடந்த சமூகத்தில், பெயர் கெட்டவருக்குக் கடன் கிடைப்பது மட்டுமல்ல, பெண் கிடைப்பதும் அரிது. அந்த அச்சம் பெரிய காவல்தான். ஆயினும் மேலாட்கள் மேல் முதலாளிகள் தொடுத்த கணக்கு வழக்குகள் உயர் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. உறவு மட்டும் போதவில்லை. இவ்வளவு கண்காணித்தால் அது என்ன நம்பிக்கை என்பது இன்னும் கடினமான கேள்வி. ஏடு ஒருவரைக் குறிவைத்து வந்திருந்தால் அது சந்தேகம்தான். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாக உயர்ந்த எல்லாருக்கும் அதே ஏடு, அதே ஐந்தொகை. எல்லாருக்கும் பொதுவான கணக்கைக் காட்டுவதில் எவருக்கும் அவமானம் இல்லை. நேர்மையான மேலாளுக்குப் பின்னாளில் எழக்கூடிய பழிச்சொல்லிலிருந்து காப்பும் அந்த ஏடுதான்.

இந்த ஏற்பாட்டின் குறை அதன் எல்லையில் இருந்தது. பர்மிய உழவருக்கும் கடைக்கும் இடையே இப்படி இருபக்கக் காவல் இல்லை. ஏடு அவர் படிக்க முடியாத தமிழில் இருந்தது. அவர் தரக்கூடிய முக்கிய ஈடு நிலம். கடன் கொடுத்த மற்றவர்களைவிடச் செட்டியார் வட்டி குறைவு, அவர்கள் கேட்டது நிலத்தை அல்ல, பணத்தை என்பதெல்லாம் உண்மை. அதை மறைப்பது அநியாயம். ஆனால் 1930இல் நெல் விலை விழுந்தபோது பெரிய அடி உழவர் தலையில் இறங்கியது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சாகுபடி நிலத்தில் 6 சதவீதமாக இருந்த செட்டியார் உடைமை, 1937க்குள் 25 சதவீதமானது. 1948இல் விடுதலை பெற்ற பர்மா முதலில் இயற்றிய சட்டங்களுள் ஒன்று, அந்த நிலங்களை நாட்டுடைமையாக்கும் சட்டம்.