மூளை நாடிகளின் வழியே: ஒரு சிகிச்சை நிலைபெற்ற வரலாறு

மருத்துவ வரலாற்றை எழுதப் புகுவோர், கருவிகள் தோன்றிய ஆண்டுகளையே அதன் எல்லைக்கற்களாக நாட்டுவது வழக்கம். மண்டையோட்டைத் திறவாது, தொடை நாடியிற் புகுத்திய மெல்லிய குழாயினால் மூளைக்குச் சிகிச்சை செய்யும் முறையின் வரலாற்றை நோக்குமிடத்து, அவ்வழக்கம் போதாதெனக் காண்கிறோம். கருவி தோன்றிய காலம் வேறு. அது சிகிச்சையாக நிலைபெற்ற காலம் வேறு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தையே இங்கு ஆராய முற்படுகிறோம்.

இவ்வழியை முதலிலே திறந்தவர்கள் மூளையின் உட்புறத்தைக் காண முயன்றவர்களாவர். 1927இல் லிஸ்பன் நகரில் எகாஸ் மொனிஸ் கழுத்து நாடியிற் சோடியம் அயடைட்டுக் கரைசலைச் செலுத்தி, உயிருள்ள மனிதரின் மூளை நாடிகளை முதன்முதலாக எக்ஸ் கதிர்ப்படத்திற் பதிவுசெய்தார். மூளைக் கட்டிகளின் இருப்பிடத்தை அறிவதே அவர் நோக்கம். அதற்கு முன்னர் வேறொரு கரைசலைப் பெற்ற நோயாளி ஒருவர் உயிரிழந்தமையையும் நாம் மறத்தலாகாது. 1953இல் சுவீடனைச் சேர்ந்த செல்டிங்கர், ஊசியின் வழியே கம்பியையும் கம்பியின்மேற் குழாயையும் செலுத்தும் முறையை வெளியிட்டார். நாடியை வெட்டித் திறவாமலே உட்புகும் வழி இதனாற் கிடைத்தது.

நாடிச்சுவர் நலிந்து குமிழ்போற் புடைப்பதை அனியூரிசம் என்பர். அது வெடிப்பின் மூளையைச் சூழக் குருதி பெருகும். 1937இல் பால்ற்றிமோரில் வால்ட்டர் டான்டி, மண்டையோட்டைத் திறந்து புடைப்பின் கழுத்தில் வெள்ளிக் கவ்வியைப் பொருத்தினார். 1970களில் மொஸ்கோவில் செர்பினென்கோ, நாடியுள்ளே கழற்றிவிடத்தக்க சிறு பலூன்களைக் கையாண்டார். ஆயினும் பலூன் புடைப்பின் வடிவத்திற்கு எளிதில் இணங்காது. அதன் சுவரைக் கிழித்தலுங் கூடும். இத்தாலியரான குக்லியெல்மி ஆக்கிய பிளாற்றினச் சுருள் அவ்வடிவத்திற்கு இணங்கிற்று. சிறு மின்னோட்டத்தினால் அதனைக் கழற்றி அங்கேயே விட முடிந்தது. 1990இல் லொஸ் ஏஞ்சலிசில் அது முதன்முதலாக நோயாளி ஒருவருக்கு இடப்பட்டது.

சுருளா, கவ்வியா என்னும் வினாவிற்கு விடை கிடைக்க மேலும் 12 ஆண்டுகள் சென்றன. புடைப்பு வெடித்து, இருமுறைக்கும் ஏற்றவராயிருந்த 2143 பேரைக் கொண்ட பன்னாட்டு ஆய்வு 2002இல் வெளியாயிற்று. ஓராண்டின் பின் இறந்தோரும் பிறரைச் சார்ந்து வாழ்ந்தோரும் சுருள் பெற்றோருள் 23.7 சதவீதம்; கவ்வி பெற்றோருள் 30.6 சதவீதம். மீண்டும் சிகிச்சை வேண்டியோர் சுருள் பெற்றோருளே மிகுதி என்பது பின்னர்த் தெரியவந்தது. ஆதலாற் கவ்வி வழக்கொழியவில்லை.

குருதிக்கட்டி நாடியை அடைப்பதால் வரும் பாரிசவாதத்தின் வரலாறு இதனினும் சிக்கலானது. கட்டியைக் கரைக்கும் மருந்தை 3 மணி நேரத்துள் கொடுப்பின் பயனுண்டு என்பது 1995இல் நிறுவப்பட்டது. ஆனாற் பெரிய நாடியை அடைத்த கட்டி பெரும்பாலும் அம்மருந்திற் கரைவதில்லை. அதனைக் குழாய்வழி அகற்றுதல் வழக்கமான சிகிச்சையிலும் மேலானதன்று என 2013இல் மூன்று ஆய்வுகள் அறிவித்தன. அவற்றிற் பயன்பட்டவை பெரிதும் பழைய கருவிகள். பெரிய நாடி அடைபட்டுள்ளதா எனப் படத்தினால் உறுதிசெய்யாமலே சேர்க்கப்பட்டோரும் பலர்.

நெதர்லாந்து மருத்துவர்கள் தம் ஆய்வைக் கைவிடவில்லை. அடைப்பைப் படத்திற் கண்டபின்னரே 500 பேரைச் சேர்த்து, கட்டியைப் பற்றியிழுக்கும் புதிய வலைக்குழல்களைப் பெரிதும் பயன்படுத்தினர். 2015இல் வெளியான முடிவின்படி, மூன்று மாதங்களின் பின் பிறர் துணையின்றி வாழ்ந்தோர் 32.6 சதவீதம்; வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோருள் 19.1 சதவீதம். அவ்வாண்டிலேயே வெளியான வேறு நான்கு ஆய்வுகளும் இதனை உறுதிப்படுத்தின.

2013இன் முடிவை இறுதித் தீர்ப்பாகக் கொண்டிருப்பின், நடக்கவும் பேசவும் மீண்டவர் பலர் அவ்வாய்ப்பை இழந்திருப்பர். நோயாளியைச் சரியாகத் தெரிந்தெடுக்க உதவியது, மொனிஸ் தேடிய அதே நாடிப்படமே. கருவியின் பெருமையை மட்டும் எழுதும் வரலாறு, தோல்வியை ஆராய்ந்து மீண்டும் வினவியோரை விட்டுவிடும். அவ்வினாவே இச்சிகிச்சையை நிலைநிறுத்தியது என்பது எமது துணிபு.