இளநிலை மாணவர் ஏறிய ஆய்வரங்கு

புதியன கண்டறியும் உரிமை யாருக்குரியது என்னும் வினாவுக்குப் பல்கலைக்கழகங்கள் நெடுங்காலம் ஒரே விடையைத்தான் அளித்து வந்தன. பட்டம் பெற்றோர் ஆய்வர். முதற்பட்ட வகுப்பில் பயில்வோர் அவர்தம் முடிபுகளைக் கேட்டு எழுதிக்கொள்வர் என்பதே அவ்விடை. அது மாறிய வரலாற்றை அமெரிக்காவில் தெளிவாகக் காணலாம்.

வில்லெம் வான் ஹூம்போல்ட்டின் கருத்துகளை அடியொற்றி 1810இல் பெர்லினில் தோன்றிய பல்கலைக்கழகம் கற்பித்தலையும் ஆய்வையும் இணைத்தது. ஆசிரியரும் மாணவரும் ஒருங்கே அறிவைத் தேடுவோர் என்பது அதன் அடிப்படை. 1876இல் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் வாயிலாக இக்கொள்கை அமெரிக்காவில் வலுப்பெற்றது. ஆயின் அங்கு ஆய்வு பெரிதும் பட்டமேற்படிப்பைச் சார்ந்தே வளர்ந்தது. இளநிலை மாணவர்க்கு விரிவுரையும் தேர்வுமே பெரும்பாலும் எஞ்சின.

இந்நிலையை வினவியவருள் ஒருவர் உடனடி ஒளிப்படக் கருவியை உருவாக்கிய எட்வின் லாண்ட். 1957இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உரையாற்றிய அவர், கல்லூரிக்குள் நுழையும்போதே ஒவ்வொரு மாணவர்க்கும் தமக்கென ஓர் ஆய்வுப்பணி வேண்டும் என வற்புறுத்தினார். 1969இல் அக்கழகத்தின் இளம் இயற்பியலறிஞர் மார்கரெட் மக்விகார் அக்கருத்துக்குச் செயல்வடிவம் தந்தார். அவர் வகுத்த திட்டத்தில் இளநிலை மாணவர் பேராசிரியரின் ஆய்வில் பங்குகொண்டு, அதற்குப் படிப்பு மதிப்பையோ ஊதியத்தையோ பெற்றனர். ஊதியம் என்னும் இக்கூறு சிறிதன்று. உழைத்துப் பொருளீட்டிப் படிக்க வேண்டிய மாணவர்க்கு ஆய்வின் கதவைத் திறந்தது அதுவே.

எனினும் ஆய்வு செய்வது வேறு. அதனை அவைமுன் வைப்பது வேறு. வகுப்புக்கென எழுதப்படும் கட்டுரை ஆசிரியர் ஒருவர் கண்ணில் மட்டும் பட்டு, மதிப்பெண்ணோடு முடிந்துவிடுகிறது. இக்குறையை நீக்கும் முயற்சியாக, 1987இல் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் ஆஷ்வில் வளாகத்தில் இளநிலை ஆய்வுக்கான தேசிய மாநாடு முதன்முறையாகக் கூடியது. பின்னர் ஆண்டுதோறும் நடைபெறலான இம்மாநாட்டின் தனிச்சிறப்பு, துறை வரம்பின்மை. வேதியியல் மாணவர் தம் சோதனை முடிவுகளை விளக்கப் பலகையில் வரைந்து அருகில் நின்று விளக்குவார். வரலாற்று மாணவர் கட்டுரை படிப்பார். ஓவியமும் இசையும் நடனமும் அதே அரங்கில் இடம்பெறும். படைப்பும் ஒருவகைத் தேடலே என்னும் ஏற்பு இதில் அடங்கியுள்ளது.

அரங்கேறும் மாணவரிடம் நிகழும் மாற்றம் கருதத்தக்கது. தம் துறை அறியாதார்க்கும் பொருள் விளங்கச் சொல்ல வேண்டும்; எதிர்பாராத வினாவுக்கு விடை கூற வேண்டும்; விடை தெரியாதவிடத்து அதனை ஒப்புக்கொள்ளவும் வேண்டும். தம் கூற்றுக்குத் தாமே பொறுப்பேற்கும் இப்பயிற்சியைத் தேர்வுத்தாள் தருவதில்லை.

கல்வியாளர் எர்னெஸ்ட் போயரின் பெயர்தாங்கிய ஆணையம் 1998இல் அளித்த அறிக்கை, ஆய்வுவழிக் கற்றலே இளநிலைக் கல்வியின் நெறியாதல் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. பிரிட்டனிலும் 2011இல் பிரெஸ்டன் நகரில் இத்தகைய மாநாடு தொடங்கிற்று.

வளர்ச்சியோடு ஓர் இடரும் உண்டு. கேட்போரின்றி, வினாவின்றி, சான்றிதழ் ஒன்றையே நோக்கிக் கட்டுரை படிக்கப்படுமாயின் அரங்கு வெறும் சடங்காகிவிடும். நூல்களை அவையில் அரங்கேற்றிய மரபினை உடைய தமிழர்க்கு இவ்வுண்மை புதிதன்று. சொல்வோர்க்கு எத்துணைப் பொறுப்புண்டோ, கேட்போர்க்கும் அத்துணை உண்டு. இளையோரின் முதல் முயற்சியைப் பொறுமையுடன் கேட்டு, தக்க வினா எழுப்பும் அவையே அவர்களை அறிஞராக்கும்.