ஸ்போர்ட்ஸ் காருக்கு டயர் மாற்றுவோர் கவனத்திற்கு: முதலில் மழையைப் பாருங்கள்

தாப்பாவிலிருந்து ரிங்லெட் ஏறும் கூட்டரசுச் சாலை 59 சுமார் 45 கிலோமீட்டர் நீளம். லாத்தா இஸ்கண்டார் அருவிப் பக்கம் வளைவுகளுக்கு ஓய்வே இல்லை. பிற்பகல் மழை பிடித்துவிட்டால் சாலையில் நீரோடு மண்ணும் இலையும் சேர்ந்து ஓடும். ஹோண்டா சிவிக் டைப் ஆர், டொயோட்டா ஜிஆர் யாரிஸ் போன்ற கார்களை ஆசையாக வாங்கி இவ்வழியே கேமரன் மலைக்கு ஏறும் நம் இளைஞர்கள் டயர் மாற்றும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ஈரத்தில் அது எப்படிப் பிடிக்கும் என்பதுதான்.

கடைக்குப் போகுமுன் பழைய டயரின் பக்கவாட்டைப் படியுங்கள். இப்போதைய டைப் ஆரில் 265/30 ஆர்19 என்றிருக்கும். 265 என்பது மில்லிமீட்டரில் அகலம். பக்கச்சுவரின் உயரம் அதில் 30 விழுக்காடு. 19 என்பது ரிம்மின் அங்குல அளவு. அடுத்து வரும் 93ஒய் என்பதில் 93, ஒரு டயர் 650 கிலோ தாங்கும் என்பதைக் குறிக்கும்; 'ஒய்' மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தைக் குறிக்கும். நெடுஞ்சாலையில் 110-ஐத் தாண்டக் கூடாத நாட்டில் இது எதற்கு என்று தோன்றலாம். வேகக் குறியீடு டயரின் கட்டமைப்பையும் வெப்பம் தாங்கும் திறனையும் சேர்த்தே சொல்கிறது. காரின் கையேட்டில் உள்ளதைவிடக் குறைந்த குறியீட்டை வாங்காதீர்கள்.

குழிகளில் ரிம் அடிபடுவதால் சிலர் 18 அங்குலத்திற்கு இறங்குகிறார்கள். இது தவறல்ல. 265/35 ஆர்18 போட்டால் சக்கரத்தின் மொத்த விட்டம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் மாறும். பக்கச்சுவர் உயர்வதால் அடியும் கொஞ்சம் தாங்கும். முன் பிரேக் காலிப்பர் புதிய ரிம்முக்குள் அடங்குகிறதா என்று பொருத்திப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

பலர் ஏமாறுவது 'செமி ஸ்லிக்' டயரில். டோயோ ஆர்888ஆர் போன்றவற்றின் தேய்மான எண் வெறும் 100. மிச்செலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் டயருக்கு அது 300. எண் குறைந்தால் பொதுவாக ரப்பர் மென்மை. சூடேறிய உலர்ந்த பந்தயத் தடத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் அத்தகைய டயர்களில் நீரை வெளியேற்றும் தடக்கோடுகள் குறைவு. அகலமான டயர் நீரின்மேல் எளிதில் மிதந்துவிடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மிதந்த டயருக்கு ஸ்டியரிங்கும் கிடையாது, பிரேக்கும் கிடையாது. மலைச்சாலைக்கு இது வேண்டவே வேண்டாம் என்பேன்.

பால்மரம் சீவிய குடும்பங்களுக்கு ஒரு செய்தி. ஸ்போர்ட்ஸ் டயரின் மேற்பரப்பில் பெரும்பாலும் இருப்பது செயற்கை ரப்பர். ஈரப்பிடிப்புக்காக அதில் சிலிக்கா சேர்க்கிறார்கள். நம் இயற்கை ரப்பர் பெரும்பாலும் உள்கட்டமைப்பிலும் பக்கச்சுவரிலும் உழைக்கிறது.

புது டயர் நான்குக்குப் பல ஆயிரம் ரிங்கிட் ஆவதால் பழைய டயரைத் தேடுவோர் உண்டு. பட்டறையில் 'புங்கா' நன்றாக இருக்கிறது என்பார்கள். அதை மட்டும் நம்பாதீர்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்கத் தேதி இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். வயதான ரப்பர் இறுகிப்போகும். கோடு ஆழமாக இருந்தாலும் பிடிப்பு இருக்காது. ஒட்டுப்போட்ட தழும்பு உள்ளே இருக்கிறதா என்றும் கழற்றிப் பாருங்கள். சட்டம் கேட்பது 1.6 மி.மீ. ஆழம்தான். மலையேறுவோர் 3 மி.மீ. வந்ததுமே மாற்றுவது நல்லது.

கையில் காசு இரண்டுக்குத்தான் என்றால் புதியவற்றைப் பின்னால் போடுங்கள். முன்சக்கரம்தானே இழுக்கிறது என்று கடைக்காரர் வாதாடலாம். ஈரத்தில் முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்து மீளலாம். பின்பக்கம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும். நான்கு சக்கரமும் இழுக்கும் ஜிஆர் யாரிஸில் நான்கையும் ஒரே ரகமாக மாற்றுவதே சரி.

மாட்டிய அன்றே அலைன்மென்ட் பாருங்கள். காற்றின் அளவு ஓட்டுநர் கதவோரத் தூணில் ஒட்டியிருக்கும். அது குளிர்ந்த டயருக்கான அளவு. நெடுஞ்சாலையில் ஓடி வந்து சூடாக இருக்கும்போது அளந்து காற்றை இறக்கிவிடாதீர்கள். புது டயரின் மேல்பூச்சு போகும்வரை, முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள்.