நீலி கதையில் திகிலின் அமைப்பு

நீலி கதை தொண்டைமண்டலத்தின் பழைய பேய்க்கதைகளில் ஒன்று. காஞ்சிபுரத்து வணிகன் ஒருவனை நீலி என்னும் பெண்பேய் தொடர்ந்து வந்து, பழையனூர் வேளாளர் எழுபதுபேரின் தீர்ப்போடு அவனைக் கைப்பற்றிக் கொன்ற வரலாறு இது. பழையனூர், அரக்கோணம் அருகே திருவாலங்காட்டை ஒட்டிய ஊர். கேட்பவரின் அச்சத்தைப் படிப்படியாக ஏற்றும் கலை தமிழில் முழு உருவம் பெற்றது இக்கதையில்தான்.

7ஆம் நூற்றாண்டிலேயே திருஞானசம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இந்நிகழ்ச்சியைச் சுட்டுகிறார். சேக்கிழார் இதைச் சொல்லும் இடம் பொருத்தமானது: காஞ்சி நகரத்து அடியாரான திருக்குறிப்புத்தொண்டரின் புராணத்தில், தொண்டைநாட்டின் பெருமை பேசும் பகுதியில், வணிகனுக்குக் கொடுத்த வாக்குக்காக உயிர்விட்ட அவ்வேளாளர்களைப் போற்றுகிறார். சமணர் இயற்றிய நீலகேசியில் அதே நீலி முனிவரிடம் அறம் கேட்டுத் திருந்தி, பிற சமயத்தாரோடு வாதிடுகிறாள். அங்கே திகில் முதல் பகுதியோடு முடிந்துவிடுகிறது. முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் பழையனூரைத் திருவாலங்காட்டு இறைவனுக்குத் தானமாக வழங்கியதைக் கூறுகின்றன. காரைக்கால் அம்மையார் பேய்கள் ஆடும் காடாகப் பாடியதும் இந்த ஆலங்காட்டைத்தான். எனவே வணிகன் அவ்வழியே வருகிறான் என்றதுமே பழைய கேட்பவர்களுக்கு உடல் சிலிர்த்திருக்கும்.

இதற்கு முந்திய பேய்க்கதைகளில் அச்சம் ஒரே அடியாக விழுகிறது. மணிமேகலையில் சார்ங்கலன் என்னும் சிறுவன் சுடுகாட்டில் பேயைக் காண்கிறான். தாயிடம் ஓடிவந்து சொல்லி உயிர்விடுகிறான். நீலி கதையோ கேட்பவரைக் காக்கவைக்கிறது.

முற்பிறப்பில் காஞ்சி அந்தணன் ஒருவன் காசியில் மணந்துவந்த பெண்ணைத் திருவாலங்காட்டருகே கொன்றான். அவன் மறுபிறப்பில் வணிகனானான், அவள் பேயானாள். பேயால் ஆபத்து உண்டு என்று அறிந்து மந்திரக் கத்தி ஒன்றை இடுப்பில் வைத்தபடியே வணிகன் பயணம் போகிறான். கத்தி இருக்கும்வரை நீலியால் அவனை நெருங்க முடியாது. கேட்பவருக்கு இது முதலிலேயே தெரிந்துவிடுகிறது. அவள் யார் என்பதும் தெரியும். ஊராருக்கு மட்டும் ஒன்றும் தெரியாது.

நீலி கள்ளிக் கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கணவன் கைவிட்டான் என்று பழையனூர்ச் சபையில் அழுகிறாள். கீழே இறக்கிவிட்ட குழந்தை நேரே வணிகனிடம் போய் மடியில் ஏறிக்கொள்கிறது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? அவன் பேய் என்று கதறக் கதற அது மனைவியை உதறும் கணவனின் பேச்சாகவே ஊராருக்குப் படுகிறது. பிறகு அவள் கேட்பது ஒன்றே: கத்தியால் என்னைக் கொன்றுவிடுவான், அதை வாங்கி வையுங்கள். வேளாளர் வாங்கி வைக்கிறார்கள். உனக்கு ஏதும் நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று வணிகனுக்கு வாக்கும் கொடுக்கிறார்கள். இருவரும் தங்கும் அறையின் கதவு சாத்தப்படுகிறது.

கொலையைவிடக் கத்தி கைமாறும் அந்தக் கணமே கொடியது. நல்லவர்கள், நியாயம் என்று நம்பி, தங்கள் கையாலேயே அவனுடைய ஒரே காப்பை அகற்றுகிறார்கள். மேசைக்கு அடியில் வெடிகுண்டு இருப்பது அங்கே அமர்ந்திருப்பவர்களுக்குத் தெரியாமல் பார்வையாளருக்கு மட்டும் தெரியவேண்டும் என்று திரைப்பட இயக்குநர் ஹிட்ச்காக் 20ஆம் நூற்றாண்டில் விளக்கிய உத்தி இதுவே. காலையில் வணிகன் இறந்து கிடக்கிறான். எழுபதுபேரும் தீப்பாய்ந்து வாக்கைக் காக்கிறார்கள்.

இக்கதை தெற்கே பரவி, நாஞ்சில் நாட்டில் வில்லுப்பாட்டாகவும் இசக்கியம்மன் வழிபாடாகவும் மாறியது. அங்கே நீலி தெய்வமாகிவிட்டதால் அச்சத்தோடு பக்தியும் கலந்துவிட்டது.

புதுமைப்பித்தன் 1940களில் எழுதிய காஞ்சனை என்ற சிறுகதை, கேட்பவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும் நீலி கதையின் முறையைத் தலைகீழாக்கியது. இரவில் ஒரு நாற்றம், அது நறுமணமாக மாறுதல், பிச்சை கேட்டு வந்தவளின் பாதம் தரையைத் தொடுகிறதா என்ற ஐயம். கதைசொல்லிக்கே உறுதியில்லை, வாசகருக்கும் இல்லை. பின்னாளில் சுஜாதாவின் கொலையுதிர் காலம், இந்திரா சௌந்தர்ராஜனின் மர்மதேசம் ஆகியவை வாரஇதழிலும் தொலைக்காட்சியிலும் திகிலைத் தொடர்கதையாக வளர்த்தன.