மதம் மாறினால் சாதிச் சான்றிதழ் என்னவாகும்? ஆசியச் சமயங்களும் இந்தியச் சட்டமும் – ஓர் அறிமுகம்

கல்வராயன் மலையில், கரியாலூரில் வாழும் மலையாளிப் பழங்குடி இளைஞர் ஒருவர் கிறித்தவத்தைத் தழுவுகிறார் என்று கொள்வோம். அந்த ஒரு காரணத்திற்காக அவருடைய பழங்குடித் தகுதி பறிபோகாது. மலையடிவாரத்தில், அதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், ஆதிதிராவிடர் இளைஞர் ஒருவர் அதே கிறித்தவத்தைத் தழுவினால் பட்டியல் சாதித் தகுதியை இழக்கிறார். அவரே பௌத்தத்தைத் தழுவியிருந்தால் இழந்திருக்க மாட்டார்.

ஒரே மாவட்டம், ஒரே அரசமைப்புச் சட்டம், மூன்று விளைவுகள். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள ஆசியச் சமயங்களைப் பற்றிய அடிப்படை அறிவும், அவற்றைச் சட்டம் எவ்வாறு வகைப்படுத்துகிறது என்பது பற்றிய தெளிவும் தேவை. ஒவ்வொரு சமயத்தையும் இங்கே ஒரே கேள்வியோடு அணுகுவோம்: பிறப்பின் அடிப்படையிலான இழிவைப் பற்றி அதன் கோட்பாடு என்ன சொன்னது, அதைப் பின்பற்றிய சமூகம் என்ன செய்தது?

மலையின் சமயம்

கல்வராயன் மலையின் 'மலையாளி' என்ற பெயருக்கும் கேரளத்திற்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பதே பொருள். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் என்றும், கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை எனப் பிரிந்து குடியேறினர் என்றும் இம்மக்களின் வாய்மொழி வரலாறு கூறுகிறது. கரிராமன் இவர்களுடைய முதன்மைத் தெய்வம். ஊர்த் தெய்வங்களும் முன்னோர் வழிபாடும் வேளாண் சடங்குகளும் இணைந்த இந்த வழிபாட்டிற்கு நிறுவனரும் இல்லை, மறைநூலும் இல்லை. ஆசியாவின் மலைகளிலும் காடுகளிலும் வாழும் பல கோடி மக்களின் சமயம் இத்தகையதே. ஆயினும் உலக மதங்களின் பட்டியல்களில் இதற்குப் பெரும்பாலும் இடமிருப்பதில்லை.

சட்டமும் இதில் தெளிவாக இல்லை. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமும், ஒன்றிய அரசு தனியே அறிவிக்கை செய்தாலன்றி, பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்கின்றன. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்துவாகக் கணக்கிடப்படும் ஒருவர், குடும்பச் சொத்து என்று வரும்போது இந்துச் சட்டத்திற்கு வெளியே நிற்கிறார். பழங்குடிப் பெண்களின் சொத்துரிமை இந்த இடைவெளியில்தான் சிக்கிக்கொள்கிறது. பழங்குடிப் பெண்களுக்கும் குடும்பச் சொத்தில் சம பங்கு உண்டு என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை எல்லோருக்கும் உறுதிசெய்யும் சட்டம் இன்னும் வரவில்லை.

இந்திய மண்ணில் பிறந்தவை

வைதிக மரபு நால்வருணத்தைத் தன் நூல்களிலேயே கொண்டது. உயிரும் பிரம்மமும் ஒன்றே என்று அத்வைதம் நிறுவிய சங்கரர், பிரம்ம சூத்திர உரையில் சூத்திரருக்கு வேதம் கற்கும் உரிமையை மறுத்தார். மெய்யியலில் பேதமின்மை, சமூகத்தில் பேதம் என்ற இந்த முரண் இன்றும் தொடர்கிறது. பக்தி இயக்கம் நந்தனாரையும் திருப்பாணாழ்வாரையும் அடியவர் வரிசையில் வைத்தது. அவர்கள் பிறந்த சேரிகளைக் கோயிலுக்கு வெளியேயே நிறுத்தியது. சென்னை மாகாணக் கோயில் நுழைவு அனுமதிச் சட்டம் 1947இல் வந்தது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் எடுத்தவாய்நத்தம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குள் தலித் மக்கள் காவல்துறைப் பாதுகாப்புடன் நுழைந்தது 2023 ஜனவரியில். இடையில் 75 ஆண்டுகள்.

சமணம் வேதத்தின் அதிகாரத்தை ஏற்காத மரபு. கொல்லாமையும், உண்மைக்குப் பல பக்கங்கள் உண்டு என்னும் அநேகாந்தவாதமும் அதன் அடிப்படைகள். திருக்கோவிலூர் வட்டாரத்தின் ஜம்பையில் உள்ள தமிழிக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சி துறவிகளுக்குக் குகை உறைவிடம் அளித்ததைப் பதிவு செய்கிறது. உளுந்தூர்பேட்டை அருகே திருநறுங்கொண்டையில் பார்சுவநாதர் கோயில் இன்றும் வழிபாட்டில் உள்ளது.

பௌத்தம் துன்பத்தையும் அதன் காரணத்தையும் அதிலிருந்து விடுபடும் வழியையும் பேசியது. நிலையான ஆன்மா என்ற ஒன்றை மறுத்தது. ஒருவரை உயர்த்துவதும் தாழ்த்துவதும் பிறப்பல்ல, செயலே என்பது வாசெட்ட சுத்தத்தின் சாரம். கல்வராயன் மலைக்கு அப்பால், சேலம் மாவட்டம் ஆத்தூர் அருகே தியாகனூரில் பெரிய புத்தர் சிலைகள் உள்ளன. அதே மாவட்டத்தின் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பனாக வழிபடப்பட்ட சிலை புத்தருடையது என்று தொல்லியல் துறையின் ஆய்வறிக்கையைக் கொண்டு 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் முடிவு செய்து, அவ்விடத்தைத் தொல்லியல் துறையின் பொறுப்பில் ஒப்படைக்க ஆணையிட்டது. ஒரு தெய்வம் எந்த மதத்தைச் சேர்ந்தது என்பதை நீதிமன்றம் முடிவு செய்ய நேர்ந்த வழக்கு அது.

நவீன காலத்தில் இம்மரபை மீட்டவர்களில் முன்னோடி அயோத்திதாசப் பண்டிதர். 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவி, ஒடுக்கப்பட்டோரின் பூர்வ சமயம் பௌத்தமே என்று வாதிட்டார். அண்ணல் அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பல லட்சம் பேருடன் பௌத்தம் தழுவினார். ஆனால் பௌத்தம் பரவிய இடமெங்கும் சாதி கரைந்துவிடவில்லை. இலங்கையில் 1753இல் நிறுவப்பட்ட சியாம் நிகாயம் காலப்போக்கில் கொவிகம சாதியினருக்கு மட்டுமே துறவு அளித்தது. மறுக்கப்பட்ட சாதியினர் பர்மா சென்று துறவு பெற்றுத் திரும்பியதன் விளைவே அமரபுர நிகாயம்.

சீக்கியம் குருநானக்கால் (1469–1539) தொடங்கப்பட்டது. 1604இல் தொகுக்கப்பட்ட ஆதி கிரந்தம், தோல் தொழிலாளர் சமூகத்தில் பிறந்த ரவிதாசரின் பாடல்களையும் நெசவாளரான கபீரின் பாடல்களையும் மறைமொழியாக ஏற்றது. எல்லோரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் லங்கர் அதன் நடைமுறை வடிவம். எனினும் பஞ்சாபின் பல ஊர்களில் தலித் சீக்கியர்களுக்குத் தனிக் குருத்வாராக்களும் தனிச் சுடுகாடுகளும் இருக்கின்றன.

மேற்காசியாவில் பிறந்தவை

கிறித்தவமும் இஸ்லாமும் 'அந்நிய' மதங்கள் என்று இங்கே சொல்லப்படுகின்றன. இரண்டும் பிறந்தது ஆசியாவில்தான். கடவுள் ஒருவரே, அவர்முன் மனிதர் யாவரும் சமம் என்பது இரண்டின் அடிப்படை. இந்தியாவில் பல நூற்றாண்டுகளாக ஒடுக்கப்பட்டோர் இவற்றை நாடியதற்கு இந்த வாக்குறுதி முக்கியக் காரணம். 1981இல் மீனாட்சிபுரத்தில் தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவியபோது நாடே அதிர்ந்தது.

வாக்குறுதி எந்த அளவிற்கு நிறைவேறியது? கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் இறையூரில் ஜெபமாலை அன்னை ஆலயத்தைச் சேர்ந்த தலித் கிறித்தவர்கள் வழிபாட்டிலும் அடக்கச் சடங்கிலும் பாகுபாட்டை எதிர்த்துத் தனிப்பங்கு கோரினர். 2008 மார்ச்சில் அங்கு வெடித்த மோதலின்போது காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். ஒரே ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கிடையே சாதி நின்றது. இந்திய முஸ்லிம்களிடையே அஷ்ரப், அஜ்லாப், அர்சல் என்ற படிநிலைகள் ஆய்வாளர்களால் பதிவு செய்யப்பட்டுள்ளன.

கிழக்காசியாவின் மரபுகள்

கன்பூசியம் கடவுளை விட உறவுகளைப் பேசியது: அரசன்–குடி, தந்தை–மகன், கணவன்–மனைவி, மூத்தவர்–இளையவர், நண்பர்கள். ஒவ்வொருவரும் தம் இடத்தின் கடமையைச் செய்தால் சமூகம் ஒழுங்குபெறும் என்றது. தாவோயிசம் இயற்கையின் போக்கோடு இசைந்து வாழச் சொன்னது. ஜப்பானின் ஷிந்தோ, இயற்கையிலும் முன்னோரிடத்தும் உறையும் தெய்வ ஆற்றல்களை வணங்கியது. தூய்மைக்கு அதில் மைய இடம் உண்டு.

இங்கும் நமக்குப் பழக்கமான காட்சியே. இறப்பும் குருதியும் தீட்டு என்ற கருத்தின் நிழலில், ஜப்பானில் தோல் தொழிலும் இறைச்சித் தொழிலும் செய்தவர்கள் பிறப்பால் ஒதுக்கப்பட்டனர். 1871இல் அரசு ஆணை அந்த இழிநிலையைச் சட்டப்படி நீக்கிய பிறகும் ஒதுக்கல் நின்றபாடில்லை. புரக்குமின் எனப்படும் இம்மக்கள் 1922இல் சுய்ஹெய்ஷா என்ற சமத்துவ இயக்கத்தைத் தொடங்கினர். கொரியாவின் பேக்ஜோங் மக்கள் அதற்கடுத்த ஆண்டே, 1923இல், தம் இயக்கத்தைத் தொடங்கினர். தராசின் சமநிலையைக் குறிக்கும் சொல்லையே அதற்குப் பெயராக வைத்தனர்.

இதுவரை பார்த்தவற்றில் ஒன்று தெளிவாகிறது. சமத்துவம் பேசிய சமயங்களும் சாதியின் முன்னால் தோற்றிருக்கின்றன. மதம் மாறியவருடன் சாதியும் சேர்ந்தே பயணம் செய்கிறது.

சட்டம் போடும் கோடு

இந்த வரலாற்று உண்மையை இந்தியச் சட்டம் பாதி மட்டுமே ஏற்கிறது. 1950ஆம் ஆண்டின் அரசமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்றது. சில தலித் சீக்கியச் சாதிகளுக்குத் தொடக்கத்திலேயே விலக்கு இருந்தது. 1956இல் சீக்கியர் அனைவரும், 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் முஸ்லிம்களும் வெளியே நிற்கின்றனர். சீக்கியமும் பௌத்தமும் கூட சாதியை ஏற்காத சமயங்களே. எனவே 'உங்கள் மதத்தில் சாதி இல்லையே' என்ற வாதம் இங்கே நிற்காது. மதம் எங்கே பிறந்தது என்பதே உண்மையான அளவுகோலாகச் செயல்படுகிறது.

பட்டியல் பழங்குடிகள் ஆணையில் இத்தகைய மத நிபந்தனை இல்லை. இருப்பினும் ஓர் எச்சரிக்கை தேவை. கேரள அரசு எதிர் சந்திரமோகனன் வழக்கில் (2004), மதம் மாறுவதால் மட்டும் பழங்குடித் தகுதி போகாது என்ற உச்ச நீதிமன்றம், அவர் தம் இனத்தின் வழக்கங்களைத் தொடர்கிறாரா, அதே இடர்ப்பாடுகளுக்கு ஆளாகிறாரா என்பது ஆராயப்பட வேண்டிய கேள்வி என்றது.

பட்டியல் சாதியினர் தொடர்பாக அறிய வேண்டிய தீர்ப்புகள் மூன்று. சூசை வழக்கில் (1985), மதம் மாறிய பின்னரும் அதே கடுமையுடன் இழிவு தொடர்கிறது என்பதற்குப் போதிய தரவு வைக்கப்படவில்லை என்று மூன்றாம் பத்தியை உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்தியது. கே.பி. மனு வழக்கில் (2015), தாய் மதத்திற்குத் திரும்புவோர் பட்டியல் சாதித் தகுதியை மீட்க மூன்று நிபந்தனைகளை வகுத்தது: முன்னோர் அந்தச் சாதியினர் என்பதற்கான சான்று, மீண்டும் மதம் மாறியதற்கான சான்று, அந்தச் சமூகம் ஏற்றுக்கொண்டதற்கான சான்று. செல்வராணி வழக்கில் (2024 நவம்பர்), நம்பிக்கையின்றி இடஒதுக்கீட்டிற்காக மட்டும் இந்து என்று கோருவது அரசமைப்பின் மீதான மோசடி என்றது.

மூன்றாம் பத்தியை நீக்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. அது ஏற்கப்படவில்லை. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைக்கப்பட்டது.

நடைமுறையில் நினைவில் கொள்ள வேண்டியவை

ஒன்று: தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறித்தவத்திற்கு மாறியவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகின்றனர். கல்வி, வேலைவாய்ப்பில் அந்த ஒதுக்கீடு உண்டு. பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதிகளில் போட்டியிட இயலாது.

இரண்டு: வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு பட்டியல் சாதி, பழங்குடித் தகுதியைச் சார்ந்தது. சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தப்பட்ட தலித் கிறித்தவருக்கு அந்தச் சட்டத்தின் கதவு அடைபடுகிறது. மூன்றாம் பத்தியின் ஆகக் கொடிய விளைவு இதுவே. இழைக்கப்படும் கொடுமை மாறவில்லை. வழக்குப் பதியும் பிரிவு மட்டும் மாறிவிடுகிறது.

மூன்று: பௌத்தம் தழுவிய பட்டியல் சாதியினருக்குச் சான்றிதழ் மறுக்கப்பட்டால், 1990ஆம் ஆண்டுத் திருத்தத்தைச் சுட்டி எழுத்துமூலம் முறையிடலாம். பட்டியல் சாதிச் சான்றிதழுக்கு வட்டாட்சியரையும், பழங்குடிச் சான்றிதழுக்குக் கோட்டாட்சியரையும் அணுக வேண்டும். மறுப்பை எப்போதும் எழுத்திலேயே பெறுங்கள். மேல்முறையீட்டிற்கு அதுவே அடிப்படை.

நான்கு: மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் என்ற கேள்விக்கு நீங்கள் சொல்லும் விடையையே கணக்கெடுப்பாளர் பதிய வேண்டும். 2011 கணக்கெடுப்பில் சுமார் 79 லட்சம் பேர் 'பிற மதங்கள்' என்ற பிரிவில் பதிவாயினர். அவர்களில் ஏறத்தாழ 50 லட்சம் பேர் 'சர்னா' என்று தம் பழங்குடிச் சமயத்தின் பெயரைச் சொன்னவர்கள். கரியாலூரின் மலையாளி மக்களுக்கும் தம் வழிபாட்டைத் தம் பெயரால் சொல்லும் உரிமை உண்டு.

அரசமைப்பின் 25ஆம் உறுப்பு எந்தச் சமயத்தையும் ஏற்று ஒழுகும் உரிமையை எல்லோருக்கும் தருகிறது. அந்த உரிமையைப் பயன்படுத்தும் தலித் ஒருவர் தம் ஒதுக்கீட்டையும் சட்டப் பாதுகாப்பையும் விலையாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. சூசை வழக்கில் நீதிமன்றம் கேட்டது தரவை. இறையூர் போன்ற ஊர்களின் கல்லறைகளிலும் ஆலய வாசல்களிலும் அது கிடக்கிறது. அதை ஊர் ஊராகச் சென்று ஆவணப்படுத்தி ஆணையங்களின் முன்னும் நீதிமன்றங்களின் முன்னும் வைப்பது, சட்டம் பயிலும் மாணவர்களும் களச் செயற்பாட்டாளர்களும் இன்றே தொடங்கக்கூடிய பணி.