விழா எடுக்கும் சமுதாயம்

ஒரு சமுதாயத்தின் வாழ்வில் எத்தனையோ நிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன. கூட்டங்கள் கூடுகின்றன, உரைகள் முழங்குகின்றன, மாலைகள் சூட்டப்படுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை மறுநாளே மறக்கப்படுகின்றன. ஒரு சில மட்டும் ஆண்டுதோறும் திரும்பி வந்து, தந்தையிடமிருந்து மகனுக்கும் தாயிடமிருந்து மகளுக்கும் கையளிக்கப்பட்டு, விழா என்னும் பெயரைப் பெறுகின்றன. இவ்விரண்டையும் பிரித்தறிதல் இன்றியமையாதது. நிகழ்ச்சியை விழா என்று கருதி மனநிறைவு கொள்ளும் சமுதாயம், தான் இழப்பதை அறியாமலேயே இழந்துவிடும்.

நிகழ்ச்சி என்பது குறிப்பிட்ட ஒரு நாளில், குறிப்பிட்ட ஒரு நோக்கத்துக்காகச் சிலர் நடத்த, பலர் காண நிகழ்வது. விழாவோ ஆண்டின் ஒரு நாளைத் தனக்கென உரிமையாக்கிக் கொண்டு, அந்நாளில் ஒவ்வொருவருக்கும் செய்வதற்கு ஒரு பணியைத் தருவது. நிகழ்ச்சிக்குப் பார்வையாளர் போதும். விழாவுக்குப் பங்காளர் வேண்டும். இதுவே இரண்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு எனலாம்.

பண்டைத் தமிழர் இவ்வுண்மையை நன்கு உணர்ந்திருந்தனர். மணிமேகலைக் காப்பியத்தின் முதற்காதைக்கு விழாவறை காதை என்றே பெயர். காவிரிப்பூம்பட்டினத்தில் 28 நாள் நடைபெறும் இந்திரவிழாவை, யானைமீது முரசேற்றி வள்ளுவன் நகரத்தார்க்கு அறிவிக்கிறான். அவ்வறிவிப்பில் களிப்புக்கான அழைப்பைவிடக் கடமைக்கான அழைப்பே மிகுதியாக உள்ளது. தெருக்களில் பழமணலை மாற்றிப் புதுமணல் பரப்ப வேண்டும். வாழையும் கரும்பும் நட வேண்டும். அறமறிந்தோர் பொதுவிடங்களில் அறவுரை பகர வேண்டும். வெவ்வேறு சமயத்தார் பட்டிமண்டபத்தில் முறையறிந்து ஏறி வாதிட வேண்டும். பகைவரோடும் சினமும் பூசலும் கொள்ளாது விலகிச் செல்ல வேண்டும். ஊரைத் தூய்மை செய்தல், அறிவை வளர்த்தல், பகையை ஆற்றுதல் ஆகிய மூன்று பணிகளை அவ்விழா மக்கள்மேல் ஏற்றி வைத்தது. மகனைப் பிரிந்த துயரால் சோழ மன்னன் இவ்விழாவை எடுக்க மறந்தபோது நகரைக் கடல் கொண்டது என்று காப்பியம் கூறும். இதனைக் கதையென்றே கொண்டாலும், விழாவைக் கைவிடும் சமுதாயம் தன்னைக் காக்கும் கட்டினையும் இழக்கும் என்னும் கருத்து அதனுள் பொதிந்திருத்தல் காண்க.

குடியேறிய மண்ணில் விழா

சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் வந்த தமிழர் தம்மோடு கொண்டு வந்த உடைமைகளுள் விழாக்களும் அடங்கும். சிங்கப்பூரில் 1827இல் மாரியம்மன் கோயில் எழுந்தது. 1859இல் நகரத்தார் பெருமக்கள் தெண்டாயுதபாணி கோயிலை அமைத்தனர். தீமிதியும் தைப்பூசமும் அக்கோயில்களைச் சூழ்ந்து வளர்ந்தன. பால்மரத் தோட்டங்களிலோ சிறு மாரியம்மன் கோயிலும் ஆண்டுத் திருவிழாவும் இல்லாத தோட்டம் அரிது. ஆண்டு முழுவதும் பிறருக்காக உழைத்த தொழிலாளி, தன் விருப்பத்தோடும் தன் உரிமையோடும் உழைத்த நாள் அந்தத் திருவிழா நாளே ஆகும்.

எனினும், இவ்விழாக்கள் தமிழர் அனைவரையும் ஒருங்கே இணைக்கவில்லை. சமயத்தால் வேறுபட்ட தமிழர் தத்தம் விழாக்களைத் தனித்தனியே கொண்டாடினர். இந்து சமயத்தாருக்குள்ளும் சாதி வேற்றுமை விழாக்களில் தலைகாட்டியது. தாயகத்தில் எந்த ஊர், எந்தக் குலம் என்னும் வினாக்கள் கடல் கடந்தும் தொடர்ந்தன. மொழியால் ஒன்றாயிருந்தவர் விழாவால் பிரிந்து நின்றனர்.

இந்நிலையில் சீர்திருத்தக் குரல்கள் எழுந்தன. 1929 டிசம்பரில் தந்தை பெரியார் மலாயாவுக்கு வருகை புரிந்து ஈப்போவில் நடைபெற்ற தமிழர் மாநாட்டில் கலந்துகொண்டார். 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. திருவாரூரில் 1903இல் பிறந்து, 1924இல் சிங்கப்பூருக்கு வந்த கோ. சாரங்கபாணி அச்சங்கத்தின் தூண்களுள் ஒருவராக விளங்கினார். 1935இல் தமிழ் முரசு இதழ் வெளிவரத் தொடங்கியது. காப்பிய காலத்தில் யானைமீதேறி விழா அறைந்த முரசு, இக்காலத்தில் அச்சேறி வீடுதோறும் சென்று ஒலிக்கலாயிற்று.

தமிழர் திருநாளின் தோற்றம்

கண்டனத்தால் மட்டும் ஒரு சமுதாயத்தைத் திருத்திவிட இயலாது. பழைய விழாவில் குறை காண்பவர் அதனினும் சிறந்த ஒரு விழாவைத் தந்தாக வேண்டும். இதனைச் சாரங்கபாணி உணர்ந்திருந்தார் என்பதற்கு 1952 ஜனவரியில் அவர் தொடங்கி வைத்த தமிழர் திருநாளே சான்றாகும். உழவர் திருநாளாம் பொங்கலையொட்டி, சமயமும் சாதியும் கடந்து தமிழர் அனைவரும் கூடுவதற்குரிய பொதுவிழாவாக அது அமைந்தது.

அவ்விழாவின் பெயரே ஆராயத்தக்கது. திருவிழா என்றால் கோயில் நினைவுக்கு வரும். திருநாள் என்னும் சொல்லோ எல்லாச் சமயத்தார் நாவிலும் பயில்வது. பொங்கல் திருநாள், தீபாவளித் திருநாள், கிறிஸ்துமஸ் திருநாள் என்று தமிழர் கூறுவர். தமிழ் முஸ்லிம்கள் தம் விழாவை நோன்புப் பெருநாள் என்பர். அப்பொதுச் சொல்லின் முன்னே சமயப் பெயர் எதுவுமின்றித் தமிழர் என்னும் அடைமொழி மட்டும் சேர்ந்தபோது, மொழியே ஓர் இனத்தின் பொது இல்லம் என்னும் கொள்கை அப்பெயரில் நிலைபெற்றது.

சிங்கப்பூரில் மட்டுமின்றி மலாயாவின் நகரங்களிலும் தோட்டங்களிலும் இத்திருநாள் கொண்டாடப்பட்டது. பேச்சும் கட்டுரையும் கவிதையும் இசையும் போட்டிகளாயின. இங்கேதான் அதன் உயிர்நிலை அமைந்திருந்தது. மேடையேறிப் பேச ஒரு மாணவன் வந்தான் என்றால், அவனுக்குப் பின்னே பாடம் சொல்லித் தந்த ஆசிரியர் இருந்தார். உடைக்கும் பயணத்துக்கும் செலவிட்ட பெற்றோர் இருந்தனர். ஊக்கம் தந்த சங்கம் இருந்தது. விழா ஒரு நாள் நிகழ்ந்தாலும் அதற்கான ஆயத்தம் பல வாரம் நீடித்தது. அவ்வாயத்தமே உண்மையான கல்வியாகும். பரிசு பெற்றவர் சிலர். தமிழ் பயின்றவர் பலர்.

திருநாள் விளைத்த பயன்

விழாவின் பயனை விழா நாளின் கூட்டத்தைக் கொண்டு அளத்தல் பொருந்தாது. விழா முடிந்த பின்னர் மக்கள் என்ன செய்தனர் என்பதைக் கொண்டே அளத்தல் வேண்டும். அவ்வாறு அளப்பின், தமிழர் திருநாளை ஈன்ற காலம் வேறு பல பொதுப்பணிகளையும் ஈன்றமை புலனாகும்.

மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இயங்கி வந்த காலத்தில், அங்கு இந்திய ஆய்வியல் துறை தொடங்கும் முயற்சி எழுந்தது. அத்துறையில் வடமொழிக்கு முதலிடமா, தமிழுக்கு முதலிடமா என்னும் வாதம் மூண்டது. தமிழுக்கே முதலிடம் வேண்டுமெனத் தமிழ் முரசு வாதாடியது. ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் பெயரில் பொதுமக்களிடம் நிதி திரட்டப்பட்டது. 1956இல் அத்துறை தோன்றியபோது தமிழ் அங்குச் சிறப்பிடம் பெற்றது. 1961இல் தனிநாயகம் அடிகளார் அத்துறையின் தலைமையை ஏற்றார். 1966இல் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. மாநாடு என்பது ஒரு நிகழ்ச்சியே எனினும், நெடுங்கால உழைப்பின் கனியாக அமைந்தமையால் அது வரலாற்று நிகழ்ச்சியாயிற்று.

மாணவரை எழுத்தாளராக்கும் மாணவர் மணிமன்றமும் 1950களில் தமிழ் முரசின் வழியே வளர்ந்தது. 1957இல் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, தயங்கி நின்ற தமிழர் குடிமக்களாகப் பதிவு செய்து கொள்ளுமாறு சாரங்கபாணி ஓயாது தூண்டினார். தமிழர் என்று ஓரிடத்தில் கூடப் பழகிய மக்களிடத்தில், இந்நாட்டுக் குடிமக்களாக நில்லுங்கள் என்று கூறுவது எளிதாயிற்று. விழா வளர்த்த ஒற்றுமை உரிமை வாழ்வுக்கும் உறுதுணையாயிற்று.

ஒரு திருநாள் தளர்வதும் ஒரு விழா நிலைப்பதும்

ஆயினும், தமிழர் திருநாள் 1950களில் பெற்றிருந்த வேகம் பின்னர் நிலைக்கவில்லை. 1965இல் சிங்கப்பூர் தனி நாடாயிற்று. ஒரே விழாவால் இணைந்திருந்த தமிழர் இரு நாட்டினராயினர். பிரிட்டிஷ் படைத்தளங்கள் 1971ஆம் ஆண்டளவில் மூடப்பட்டமையால் அங்குப் பணியாற்றிய தமிழர் பலர் வேலையிழந்து தாயகம் திரும்பினர். தமிழ்ப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1946இல் தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி 1982இல் மூடப்பட்டது. 1974இல் சாரங்கபாணி மறைந்தார்.

இதே காலத்தில் தைப்பூசத்துக்கு நேர்ந்ததை ஒப்பிட்டு நோக்குதல் தகும். 1968இல் சிங்கப்பூரில் பொது விடுமுறை நாள்கள் குறைக்கப்பட்டபோது தீபாவளி நிலைத்தது. தைப்பூசம் விடுமுறைப் பட்டியலிலிருந்து நீங்கியது. விடுமுறை நீங்கினால் விழாவும் மங்கும் என்று கருதுவது இயல்பே. ஆனால், அவ்வாறு நிகழவில்லை. சிராங்கூன் சாலையிலுள்ள சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை பால்குடமும் காவடியும் ஏந்திய அடியார் ஆண்டுதோறும் நடந்தனர். கொள்ளைநோயின் காரணமாக 2021, 2022ஆம் ஆண்டுகளில் நடைப்பயண ஊர்வலம் நின்றது. 2023இல் தடை நீங்கியதும் மீண்டும் நடந்தனர்.

ஒன்று தளர, மற்றொன்று நிலைத்ததன் காரணம் யாது? பக்தியே காரணம் என்று கூறின் அது முழு விடையாகாது. தைப்பூசத்தில் ஒவ்வோர் அடியாருக்கும் தனிக்கடமை உண்டு. அவர் பல நாள் நோன்பிருக்கிறார். அவர் வீடே நோன்பிருக்கிறது. உறவினர் உடன் நடக்கின்றனர்; நண்பர் காவடி கட்ட உதவுகின்றனர். அவருக்குப் பதிலாக வேறொருவர் அக்கடமையைச் செய்ய இயலாது. தமிழர் திருநாளும் ஒவ்வொருவருக்கும் பணி தந்த வரையில் ஓங்கியே நின்றது. ஆனால், அப்பணி வீட்டுக்குள் நுழைந்து குடும்ப வழக்கமாக வேரூன்றுவதற்கு முன்னரே, அதனைத் தாங்கிய பள்ளியும் சங்கமும் தளர்ந்தன. மேடையில் மட்டும் வாழும் விழா, மேடை சரிந்தால் தானும் சரியும். அடுக்களையிலும் முற்றத்திலும் வாழும் விழாவை எந்தச் சட்டமும் நீக்கிவிட முடியாது.

இக்காலத்துக்குரிய பாடம்

தமிழை முன்னிறுத்தி விழா எடுக்கும் மரபு மறைந்துவிடவில்லை. சிங்கப்பூரில் வளர்தமிழ் இயக்கம் 2007ஆம் ஆண்டு முதல் ஏப்ரல் மாதத்தில் தமிழ்மொழி விழாவை நடத்தி வருகிறது. பல அமைப்புகள் ஒன்றுகூடி நிகழ்ச்சிகளைப் படைக்கின்றன. இது போற்றத்தக்க வளர்ச்சியே.

எனினும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மற்றோர் உண்மையையும் உரைக்கிறது. சிங்கப்பூரில் ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன குடியிருப்பாளருள், வீட்டில் மிகுதியாகத் தமிழே பேசுவோர் 2010இல் 3.3 விழுக்காட்டினர், 2020இல் அவர்கள் 2.5 விழுக்காட்டினர். அதிகாரத்துவ மொழிகள் நான்கனுள் ஒன்றாகத் தமிழ் வீற்றிருக்கும் நாட்டில், பள்ளிகளில் தமிழ் கற்பிக்கப்படும் நாட்டில், வீட்டு மொழியாக அது சுருங்கி வருகிறது. இச்சுருக்கத்தை அரங்க நிகழ்ச்சிகளால் மட்டும் தடுத்துவிட இயலாது. அரங்கில் மாணவன் மனப்பாடம் செய்த பேச்சை முழங்கிவிட்டு, இறங்கி வந்து பெற்றோரிடம் வேறு மொழியில் பரிசைக் காட்டுவான் எனில், அங்கு நிகழ்ச்சி நடந்தது, விழா நடக்கவில்லை.

ஆகவே, பள்ளியிலோ சங்கத்திலோ ஒரு விழாவைத் திட்டமிடுவோர் மூன்று வினாக்களை எழுப்பிக் கொள்ளுதல் நன்று. இவ்விழா எத்தனை பேருக்குப் பணி தருகிறது? இவ்விழாவின் எந்தப் பகுதி மாணவனோடு அவன் வீட்டுக்குச் செல்கிறது? விழா முடிந்த பின்னர் எந்தப் பணி தொடர்கிறது? பாட்டியிடம் ஒரு தாலாட்டைக் கேட்டு எழுதி வருமாறு பணிக்கப்பட்ட மாணவன், அப்பாட்டியோடு ஒரு மாலைப்பொழுதேனும் தமிழில் உரையாடுகிறான். தாத்தா எந்தக் கப்பலில் வந்தார், எந்தத் தோட்டத்தில் மரம் சீவினார் என்று கேட்டறியும் மாணவி, தன் குடும்ப வரலாற்றைத் தமிழிலேயே பெறுகிறாள். இத்தகைய சிறு பணிகளுக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. பொறுப்புள்ள ஆசிரியர் ஒருவர் போதும்.

விழா என்பது ஒரு சமுதாயம் தன்னைத் தானே கூட்டிப் பார்த்துக் கொள்ளும் நாள். அந்நாளில் யார் வந்தனர் என்பதோடு, வந்தவர் என்ன செய்தனர் என்பதும் எண்ணப்படுதல் வேண்டும். காவிரிப்பூம்பட்டினத்து முரசு, தெருவுக்குப் புதுமணல் கொண்டு வாருங்கள் என்று ஒவ்வொரு குடிமகனையும் அழைத்தது. 1952ஆம் ஆண்டுத் திருநாள், ஆளுக்கொரு தமிழ்ப்பணி ஏற்க வாருங்கள் என்று அழைத்தது. அவ்வழைப்பு இன்றும் ஓயவில்லை. அதனை ஏற்று ஒரு கைப்பிடி மணலேனும் கொண்டு வருபவரால்தான் தமிழ் விழாக்கள் தமிழை வாழ்விக்கும் விழாக்களாக விளங்கும்.